மணிக்கூண்டு பக்கத்துத் தையல் கடை: ஒரு சிறார் நாவலைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் நடக்கும் சிறார் நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை மொட்டை மாடியில் உட்காரவைத்து, வாரம் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டுகிறேன். தெரிந்த ஆசிரியர்களும் பெற்றோரும் சிலர் கைப்பிரதியை வாங்கிப் படித்தார்கள். பிள்ளைகள் நேரில் கேட்டது, பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டது எல்லாம் சேர்ந்து ஒரு நோட்டு நிரம்பிவிட்டது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். சில பதில்களில் கதையின் முடிவு தெரிந்துவிடும். அது பிடிக்காதவர்கள் முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கதை என்ன?

அஞ்சலைக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அப்பா மணிக்கூண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவர், காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிப்பர் போட்டு நடக்கிறார். அம்மா வேதவல்லி, பாண்டி அரியாங்குப்பத்துப் பெண். தினமும் காலையில் பஸ் ஏறி நேரு வீதியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவள்.

ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் பொழுது போகாமல் அஞ்சலை குடும்ப அட்டையைப் பிரித்துப் படிக்கிறாள். இரண்டே பெயர்தான் இருக்கிறது. அப்பா பெயர், அவள் பெயர். அம்மாவைக் காணோம். நம் குடும்பத்தில் யார் யார், ஊர் ஏன் நம் வீட்டை 'நொண்டி டெய்லர் வீடு' என்று கூப்பிடுகிறது என்று அவள் துருவ ஆரம்பிக்கிறாள். அப்புறம் 2011 டிசம்பரில் 'தானே' என்ற பெயர் கொண்ட புயல் வருகிறது.

எந்த வயதுப் பிள்ளைகள் படிக்கலாம்?

ஒன்பது வயதுக்கு மேல் தானாகப் படிக்கலாம். அதற்குக் கீழே என்றால் யாராவது வாசித்துக் காட்டுங்கள். என் மாடியில் ஏழு வயதுப் பொடியன் ஒருவன் தவறாமல் வருகிறான். பாதிக் கதையில் தூங்கிவிடுவான்; ஆனால் சரியான இடத்தில் எழுந்து கேள்வி கேட்பான்.

ஏன் 2011? சுனாமியை வைத்து எழுதியிருக்கலாமே?

2004 டிசம்பர் 26ஐ எழுத எனக்குத் தைரியமில்லை. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம் பக்கம் அன்றைக்கு வீட்டுக்கு வீடு சாவு. அதைப் பத்து வயதுப் பிள்ளையின் கண்ணால் எழுதினால் மற்ற எதுவுமே கதையில் நிற்காது. தானே வேறு மாதிரி. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அப்பா ஊர், அம்மா ஊர் இரண்டையும் ஒரே அடியில் அடித்த புயல். கதைக்கு அது தோதாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில் ஹவுராவில் பதிவான ஒரு சின்னப் பெண். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது. ஆக அஞ்சலையின் அப்பா, நம் நாட்டில் பரவாமல் நின்றுபோன ஒரு நோயின் கடைசித் தலைமுறைக்காரர். கதை நடக்கிற நேரத்தில் அவருக்கே அது தெரியாது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் சுண்டுவிரலில் சொட்டு மருந்து போட்டதற்கு வைத்த மையைப் பார்த்து, "எனக்கு இந்த மை கிடைக்கல" என்று ஓரிடத்தில் சொல்வார். அவ்வளவுதான்.

'நொண்டி' என்ற சொல்லைக் குழந்தைகள் புத்தகத்தில் வைக்கலாமா? மாற்றுத்திறனாளி என்று எழுதினால் என்ன?

பெரியவர்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பிள்ளைகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முதல் அத்தியாயத்தைச் சொல்கிறேன். தையல் கடைக்கு எதிரில் பெண் பிள்ளைகள் நொண்டி ஆடுகிறார்கள். ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே துரத்திப் பிடிக்கிற ஆட்டம். தெருவில் அஞ்சலையை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே மூச்சில் நாலு பேரைத் தொட்டுவிடுவாள். பிள்ளைகள் "நொண்டி, நொண்டி" என்று கத்துகிறார்கள். அந்த நேரம் பார்த்து சைக்கிளில் வந்த ஓர் ஆள் காலை ஊன்றி நின்று, "ஏம்மா, நொண்டி டெய்லர் கடை எது?" என்று அவளிடமே கேட்கிறார். அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். தூக்கிய காலைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அத்தியாயம் அங்கே முடிகிறது.

இந்த இடத்தில் "மாற்றுத்திறனாளித் தையற்கலைஞர் கடை எது?" என்று சைக்கிள்காரர் கேட்டால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அவளுக்கு அதுவரை விளையாட்டின் பெயராக இருந்த சொல் அந்த நிமிடத்தில் அவள் வீட்டின் பெயராகிவிடுகிறது. அந்தக் கூச்சத்திலிருந்துதான் கதையே நடக்கிறது. அதனால் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கதைசொல்லி எந்த இடத்திலும் அந்தச் சொல்லால் அப்பாவைக் குறிப்பதில்லை. ஊர் வாயில் மட்டும்தான் அது வரும்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் தமிழ் டீச்சர் சிந்துப் பாட்டின் வகைகளைச் சொல்லும்போது 'நொண்டிச் சிந்து' என்று எழுதிவிடுகிறார். வகுப்பு மொத்தமும் அஞ்சலையைத் திரும்பிப் பார்க்கிறது. டீச்சர் ஒன்றும் திட்டவில்லை. மேசையைத் தட்டி அந்தச் சந்தத்தைக் காட்டுகிறார். பாரதியார் இதில் பாடியிருக்கிறார் என்கிறார். பத்து வருஷம் பாண்டியில் இருந்துவிட்டு 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் பிடித்துக் கடலூரில் அடைத்துவைத்தார்களே, அவர்தான் என்கிறார். அன்று ராத்திரி அப்பா நடந்து வருகிற சத்தத்தை அஞ்சலை விரலால் தரையில் தட்டிப் பார்க்கிறாள். டீச்சர் தட்டிய தாளம் இல்லை அது. அப்பாவுடையது தனித் தாளம்.

அப்பாவின் காலைக் கிள்ளினால் வலிக்குமா?

ஏழு வயதுப் பொடியனின் கேள்வி. வலிக்கும். நன்றாகவே வலிக்கும். போலியோ கிருமி முதுகுத்தண்டில் தசைகளை அசைக்கச் சொல்லும் நரம்பு செல்களைத்தான் கெடுக்கிறது. தொடுவது, சுடுவது, குத்துவது எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருக்கும். கொசு கடித்தால் தெரியும், காலை உதறித் துரத்தத்தான் முடியாது. கதையில் அஞ்சலை அப்பாவின் காலுக்குப் போர்வையை இரண்டாக மடித்துப் போடுகிறாள். அந்தக் கால் எப்போதும் கொஞ்சம் சில்லென்று இருக்கும்.

கூடவே வரும் கேள்வி, அஞ்சலைக்கும் வருமா? வராது. இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற நோய் இல்லை. கிருமி உடம்புக்குள் போனவர்களிலேயே ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விளங்காமல் போகும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வந்து போனதே தெரியாது.

அந்த 'டக்' சத்தம் எங்கிருந்து வருகிறது?

காலிப்பரில் முழங்கால் பக்கம் ஒரு கீல் இருக்கும், அதன்மேல் இரும்பு வளையம். எழுந்து நின்று காலை நீட்டினால் வளையம் தானாக இறங்கிக் கீலைப் பூட்டிவிடும். அப்போதுதான் கால் மடங்காமல் தாங்கும். உட்கார வேண்டுமானால் கையால் வளையத்தை மேலே தூக்கிவிட வேண்டும். பூட்டும்போது ஒரு டக், திறக்கும்போது ஒரு டக். அப்பா கடையைச் சாத்திவிட்டாரா, பஸ்ஸில் இடம் கிடைத்துவிட்டதா எல்லாம் அஞ்சலைக்கு இந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

கடலோர ஊரில் இரும்புக்கு ஆயுசு கம்மி. உப்புக் காற்றில் கீல் துருப்பிடித்து இறுகும். தோல் வார் வியர்வையில் நாறும். அவர் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற அதே மூக்கு டப்பாவால் காலிப்பருக்கும் இரண்டு சொட்டு விடுவார். மெஷினுக்கு வெள்ளிக்கிழமை, காலுக்கு ஞாயிற்றுக்கிழமை.

இது உண்மைக் கதையா? உங்கள் அப்பாவா?

என் அப்பாவுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. அவர் கதை வேறு, சுவாரசியம் இல்லாதது.

ஆனால் அப்படி ஒரு தையல்காரர் இருந்தார், இப்போதும் இருக்கிறார். 1988 வாக்கில் நான் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மறைவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டு ஓடுகிற பையன்களில் நானும் ஒருவன். அவர் துரத்த மாட்டார். துரத்த முடியாது என்ற தைரியத்தில்தானே கத்தினோம். அந்தத் தீபாவளிக்கு அப்பா என்னை அவரிடமே சட்டைக்கு அளவு கொடுக்கக் கூட்டிப்போனார். டேப்பைக் கழுத்தில் சுற்றும்போது குரலை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிடுவாரோ என்று வாயே திறக்கவில்லை. அவர், "மூச்ச விடு தம்பி, சட்டை டைட்டாயிடும்" என்றார். கண்டுபிடித்தாரா இல்லையா என்று இன்றுவரை கேட்கவில்லை.

நாவலை அவரிடம் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "வளையத்தைக் கையால கீழ தள்ளுறாருன்னு எழுதியிருக்க. அது தானா விழும். ஒக்காரத்தான் தூக்கணும்." முந்தைய பதிலில் சரியாக எழுதியிருக்கிறேன் என்றால் அவர் புண்ணியம்.

அப்பாவின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 60 சதவீதம் என்று இருக்கிறதே, அது என்ன கணக்கு?

அஞ்சலைக்கும் இதே குழப்பம். "அறுபது எடுத்தா ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லப்பா?" என்று கேட்கிறாள். அப்பா, "ஆமா, கவர்மெண்டு குடுத்த ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்கிறார்.

மருத்துவர் பரிசோதித்து உடல் குறைபாட்டின் அளவைச் சதவீதமாகப் போடுவார். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். கதை நடக்கும்போது இருந்தது 1995ஆம் வருஷச் சட்டம், அதில் 7 வகைக் குறைபாடுகள்தான் உண்டு. 2016இல் வந்த சட்டம் அதை 21 ஆக்கியது. அட்டையும் இப்போது நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. கதையில் வருவது பழைய அட்டை, மூலை மடங்கி, தையல் கடைச் சாக்கட்டித் தூள் படிந்தது.

அம்மா பெயர் ஏன் ரேஷன் கார்டில் இல்லை? ஆயா கெட்டவளா?

கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போகிறவர் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயரை எடுத்து, பெயர் நீக்கல் சான்று வாங்கிவந்தால்தான் புதிய அட்டையில் சேர்ப்பார்கள். வேதவல்லியின் பெயர் இன்னும் அரியாங்குப்பத்தில் அவளைப் பெற்ற ஆயாவின் சிவப்பு அட்டையிலேயே இருக்கிறது. (பாண்டியில் ரேஷன் கார்டு சிவப்பு, மஞ்சள் என்று இரண்டு நிறம். இந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது.) பதினோரு வருஷமாக ஆயா அட்டையைக் கொடுக்க மறுக்கிறாள். "கார்டுல பேரு இருக்கிற வரைக்கும் அவ எம்பொண்ணு" என்பது அவள் வாதம்.

காலைப் பார்த்துத்தான் ஆயா மருமகனை ஒதுக்குகிறாள் என்று அஞ்சலை நினைக்கிறாள். வாசகரும் அப்படித்தான் நினைப்பார், நானும் அப்படி நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதிப் போகப் போக ஆயா வேறு மாதிரி ஆகிவிட்டாள். அவளுடைய புருஷன் இரண்டு காலும் உள்ள மனுசன், ஒருநாள் போனவர் திரும்பி வரவே இல்லை. மகளுக்குத் திரும்பி வர ஓர் இடம் வேண்டும் என்று அட்டையைப் பிடித்துவைத்திருக்கிறாள். இதை ஆயா யாரிடமும் சொல்வதில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் அட்டை இருப்பதை மட்டும் அஞ்சலை பார்க்கிறாள். கெட்டவளா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள். என் மாடியில் ஓட்டு ஆறுக்கு ஆறு.

அஞ்சலை என்று ஏன் பழைய பெயர்?

அப்பாவைப் பெற்ற ஆயாவின் பெயர் அது. வகுப்பில் மற்றவர்கள் ஹரிணி, ஸ்வேதா என்று இருக்க இவள் மட்டும் அஞ்சலை. பெயரை மாற்றச் சொல்லி ஓர் அத்தியாயம் முழுக்க அழுகிறாள். அப்போது அதே டீச்சர் கடலூர் அஞ்சலையம்மாளைப் பற்றிச் சொல்கிறார். 1890இல் இதே முதுநகரில் பிறந்தவர். 1927இல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போய்க் கலந்துகொண்டு சிறைக்குப் போனவர். அந்தச் சிறுமிக்குக் காந்தி லீலாவதி என்று புதுப் பெயர் வைத்தார்.

டீச்சர் தைரியத்தைப் பற்றிச் சொல்ல நினைத்துத்தான் இதைச் சொல்கிறார். அஞ்சலையோ, "அப்ப அந்தப் பொண்ணு மட்டும் பேர மாத்திக்கலாமா டீச்சர்?" என்று கேட்டுவிடுகிறாள்.

புயலில் அஞ்சலை அப்பாவைக் காப்பாற்றுவாளா?

மாட்டாள். பத்து வயதுப் பெண் அறுபத்தைந்து கிலோ ஆளை எப்படித் தூக்குவாள்?

29ஆம் தேதி ராத்திரி அம்மா பாண்டியிலேயே மாட்டிக்கொள்கிறாள். விடியற்காலையில் ஓடு பறக்கிறது. அப்பா படுக்கும்போது காலிப்பரைக் கழற்றி வைத்திருப்பார். இருட்டில் தண்ணீரில் நனைந்த வார் பக்கிளில் ஏற மாட்டேன் என்கிறது. எதிர்வீட்டு மீன்காரர் வந்து, ஒன்றும் கேட்காமல் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார். அஞ்சலை காலிப்பரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள். அப்பா தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவளைப் பார்க்கிறார். அவள் வேறு பக்கம் பார்க்கிறாள். காப்பாற்றியது அக்கம்பக்கம். ஆனாலும் அப்பாவுக்கு அந்த மீன்காரர் மேல் நாலு நாள் கோபம், கேட்காமல் தூக்கினார் என்று. இந்தக் கோபம் சரியா என்று ஒரு பையன் என்னிடம் சண்டைக்கே வந்தான்.

கடைசியில் அப்பா கால் சரியாகிவிடுமா?

ஆகாது. தமிழில் பழைய நொண்டி நாடகங்கள் இருக்கின்றன. கதை ஏறக்குறைய ஒன்றுதான்: நாயகன் குதிரை திருடப் போவான், பிடிபட்டுக் காலை இழப்பான், பிறகு திருந்திக் கடவுளையோ வள்ளலையோ வேண்டிக் காலைத் திரும்பப் பெறுவான். காலில்லாமல் போனது தண்டனை, கால் வந்தது பரிசு. சினிமாவும் ரொம்ப நாள் இதையே எடுத்துக்கொண்டிருந்தது. அஞ்சலையின் அப்பா எந்தக் குதிரையையும் திருடவில்லை.

சாதனை செய்கிற அப்பாவாகவும் அவரை ஆக்கவில்லை. ஒரு டீச்சர், பொங்கல் அத்தியாயம் அப்படித்தானே இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லை. மோட்டார் வைத்த தையல்காரர்கள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க, நல்ல காலால் பெடல் மிதிக்கிற இவருக்கு மட்டும் பொங்கல் துணி குவிகிறது. கை ஓய்கிற வரை தைக்கிறார். தூக்கக் கலக்கத்தில் ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துவிடுகிறார். கரண்ட் வந்ததும் பாதிப் பேர் பழைய கடைக்கே திரும்பிப் போய்விடுகிறார்கள். கடனில் கொஞ்சம் அடைகிறது. இதைச் சாதனை என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன்.

வகுப்பில் வாசிக்கலாமா? அப்படிப்பட்ட பெற்றோர் உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால்?

வாசியுங்கள். வாசிக்கும்போது அந்தப் பிள்ளையின் பக்கம் மட்டும் திரும்பாதீர்கள். "உன் வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கேட்டுவிடாதீர்கள். பதிலாக எல்லோரிடமும், "உங்க வீட்ட ஊர்ல என்ன சொல்லி அடையாளம் சொல்வாங்க?" என்று கேளுங்கள். என் மாடியில் கேட்டபோது புளியமரத்து வீடு, டிவி ரிப்பேர் வீடு, துபாய்க்காரர் வீடு என்று வந்தது. ஒரு பெண் சற்று யோசித்து, "ரெண்டு பொண்டாட்டிக்காரர் வீடு சார், ஆனா அது எங்க தாத்தா காலத்துல" என்றாள். யாரும் அதற்குப் பிறகு டெய்லர் வீட்டைப் பற்றித் தனியாகச் சிரிக்கவில்லை.

அஞ்சலைக்கு இனிஷியல் என்ன?

அடிக்கடி வந்த கேள்வி இல்லை. ஒரே ஒரு முறை வந்தது, பதினாலாவது வாரம். கேட்டவள் ஆறாம் வகுப்புப் பெண், பள்ளிக்கூடத்தில் ஏதோ படிவம் நிரப்பிவிட்டு வந்திருந்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கைப்பிரதியைப் புரட்டினேன். அம்மா வேதவல்லி என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே வருகிறது. மீன்காரருக்குப் பெயர் இருக்கிறது. அப்பாவுக்கு இல்லை. அஞ்சலைக்கு 'அப்பா', ஆயாவுக்கு 'அந்த மனுசன்', ஊருக்கு டெய்லர். ரேஷன் கார்டில் இல்லாத பெயரைத் தேடி ஒரு நாவலே எழுதினேன். இருக்கிற பெயரை எழுதவில்லை.

சாயங்காலம் அந்தத் தையல்காரரிடம் போனேன். முப்பத்தைந்து வருஷமாக அளவு கொடுக்கிற கடை. "அண்ணே, உங்க பேரு என்ன?" என்றேன். வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "பில்லு போடவா?" என்று கேட்டார். அப்புறம் சொன்னார். அதைப் புத்தகத்தில் வைக்க வேண்டாம், வேறு பெயர் வை என்றும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணிடம் 'கோ' என்றேன். "அம்மாவோடதும் போடலாம் சார், எங்க மிஸ் சொன்னாங்க" என்றாள். போடலாம்தான், தமிழ்நாட்டில் அதற்கு அரசாணையே இருக்கிறது. கோ. வே. அஞ்சலை என்று ஆகிவிட்டது. இப்போது இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வரிசை நகரவில்லை, வெயில் ஏறுகிறது, அஞ்சலை அட்டையைப் பிரிக்கிறாள். முதல் வரியில் கோதண்டம்.